உளவியல் சீட்டுக்கு ஒரு சாவு

மற்றவர்களின் மூக்கில் சேரும் அழுக்கு பச்சையாக இருக்கும் என்பது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். மூக்குமேல் உட்காரும் அந்தக் குட்டிப் பட்டையைக் கழற்றினால் அடியில் பாசி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்வையும் முகத்தில் பூசியதும் தெருப் புழுதியும் சேர்ந்து இறுகிப்போனது. பெரியவள் அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, "இப்ப போட்டுப் பாருங்க" என்று முகம் சுளிக்காமல் நீட்டுவாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்தக் கடையில் சேர்ந்தவள். முப்பது வயது தாண்டும்வரை எத்தனை மூக்கைப் பார்த்திருப்பாளோ, எதுவும் அவளுக்குக் குமட்டியதில்லை. குமட்ட ஆரம்பித்தது உளவியல் படிக்கப் போன பிறகுதான்.

குடும்பம் சின்னது. அப்பா இல்லை. அம்மா, பெரியவள், அவளுக்கு அடுத்துப் பிறந்த தம்பி. சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். தம்பி கணக்கில் புலி. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உடம்பு என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொன்னாள். மனசு என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பிறகு அதுவும் வேண்டாமென்று, "சின்னவன் வெளியூர்ல வேலையா இருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். சொந்தக்காரர்கள் வந்தால் வெளியூரில் இருப்பவன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சுவரில் இருக்கும் பிளக் ஓட்டைகள் வழியாகத் தான் நினைப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று அவன் நம்பினான். மருந்துக் கடையிலிருந்து பிளாஸ்திரி வாங்கிவந்து ஒவ்வொரு ஓட்டையாக ஒட்டினான். ஒட்டுவதற்கு முன்னால் சுவர் பக்கம் குனிந்து, "மன்னிச்சுக்கங்க, மூச்சு முட்டினா சொல்லுங்க" என்று ரகசியமாகச் சொல்வான். பெரியவள் அதைக் கதவிடுக்கில் நின்று கேட்டாள். அவள் அடக்க முடியாமல் அழுதது அந்த மன்னிப்பைக் கேட்டபோதுதான்.

பெரியாஸ்பத்திரியில் அவனைச் சேர்த்தார்கள். அங்கே ஒரு பெண் வருவாள். டாக்டர் இல்லை, வெள்ளைக் கோட்டு இல்லை, உளவியல் படித்தவள் என்று சொன்னார்கள். அவள் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்து, நேற்று என்ன சாப்பிட்டாய், எந்தக் கட்டில் வசதி, ஜன்னலைத் திறக்கலாமா என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே போவாள். அரை மணி நேரத்தில் தம்பியின் தோள் காதருகிலிருந்து கீழே இறங்கும். பெரியவள் வராந்தாவில் நின்று அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருப்பாள். இது எப்படி நடக்கிறது, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்களா என்ற கேள்வி அன்றைக்கு மனசில் விழுந்தது. கேட்க நேரமில்லை. மாத்திரை, கடை, அம்மாவின் முட்டிவலி என்று வருஷங்கள் ஓடின.

தம்பி தேறினான். மாத்திரையால் உடம்பு பெருத்தது, கை லேசாக நடுங்கியது, மற்றபடி பழைய கிண்டலெல்லாம் திரும்பி வந்தது. ஒரு மருந்துக் கிடங்கில் லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனான். "ஒட்டுறதுல எனக்கு முன்அனுபவம் இருக்குல்ல" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவன் முதல் மாதச் சம்பளத்தோடு வந்த வாரம் பெரியவள் கல்லூரிக்குப் போய் உளவியல் படிப்புக்கான சேர்க்கை ஜன்னலில் நின்றாள். எழுத்தர் தலை நிமிராமல் ஒப்பித்தார்.

"பள்ளி இறுதியில கணக்கு, இல்லன்னா புள்ளியியல் இருக்கணும். அறிவியல் பாடம் ஒண்ணு. மொழிப்பாடத்துல நல்ல மார்க். இருக்கா?"

"அறிவியல் இருக்கு. மொழி இருக்கு. கணக்குலதான் கொஞ்சம் பார்டர்."

"பார்டர்னா?"

"ஃபெயில்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "படிக்கப்போறது யாரு? உங்க பொண்ணா?"

"நான்தான்."

"அப்ப ரெண்டு வழி. கணக்குக்குத் தனியா ஒரு தேர்வு வைக்கிறாங்க, அதுல தேறணும். அது வேணாம்னா, நீங்க ஏன் உளவியல் படிக்கணும்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க. எல்லாரும் கட்டுரைதான் எழுதுறாங்க. கணக்குப் பக்கம் ஆளே வர்றதில்ல."

வீட்டில் சொன்னதும் அம்மா பாத்திரத்தை டமாரென்று வைத்தாள். "கல்யாணத்துக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னவ நீ. காலேஜுக்கு மட்டும் வயசு ஆகலையா?"

"காலேஜ்ல பல் பிடிச்சுப் பாக்க மாட்டாங்கம்மா" என்றான் தம்பி. அம்மா அடுத்த பாத்திரத்தை அதைவிடச் சத்தமாக வைத்தாள்.

கட்டுரைக்கு ஆள் இருந்தது. கல்லூரிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு சேர்க்கை ஆலோசகர். சுவர் முழுக்கப் பட்டமளிப்பு அங்கி போட்ட பிள்ளைகளின் படங்கள். மேசையில் டிஷ்யூ பெட்டி ஒன்று, வந்தவர் பக்கம் திருப்பி வைத்திருந்தது. அவர் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, பேனா மூடியால் காதைக் குடைந்து, வெளியே எடுத்து, அதில் வந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"குடும்பத்துல யாருக்காவது ஏதாவது?"

"ஏதாவதுன்னா?"

"மனசு. தற்கொலை. அடி உதை. குடி. ஏதாவது இல்லாம யாரும் இந்தப் படிப்புக்கு வரமாட்டாங்கம்மா."

பெரியவள் தயங்கித் தயங்கித் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. நல்ல மீன் கண்ட கடைக்காரன் முகம். "அப்படிச் சொல்லுங்க. வீட்டுக்குப் போய் ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க. அழகா எழுத வேணாம், நடந்ததை எழுதுங்க. என்னைத் தவிர யாரும் பாக்கப் போறதில்ல."

அவள் கடையில் மதியம் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதினாள். யாரிடமும் சொல்லாததெல்லாம் கையோடு வந்தது. பிளாஸ்திரி வந்தது. சுவரிடம் அவன் கேட்ட மன்னிப்பும் வந்தது. எழுதி முடித்தபோது பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அந்த லேசான உணர்ச்சியை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்பட்ட அளவுக்கு வேறெதற்கும் வெட்கப்பட்டதில்லை.

ஆலோசகர் தாள்களை வாங்கிக்கொண்டு அவளைக் கீழே டீ வாங்கிவர அனுப்பினார். அவள் திரும்பியபோது நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் பெயர் வரும் இடத்திலெல்லாம் எச்சில் ஈரம் பட்டது. "அபாரம்" என்றார். "அந்த மன்னிப்பு கேக்குற இடம் இருக்கே, கமிட்டி அங்கேயே விழுந்துடும். சரி, தம்பி இப்ப எப்படி?"

"நல்லா இருக்கான். வேலைக்குப் போறான்."

அவர் முகம் வாடிவிட்டது. "அடடா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "அது கடைசியில இடிக்குதேம்மா. இவ்வளவு தூரம் ஏத்திக் கொண்டு போய், வேலைக்குப் போறான்னு இறக்குனா எடுபடாது. ஒண்ணு செய்யலாம். மாடியிலேர்ந்து விழுந்துட்டான்னு வெச்சுக்குவோம்."

"யாரு?"

"தம்பிதான். கட்டுரையிலதானே? நிஜத்துல அவரு நல்லா இருக்கட்டும், நூறு வயசு வாழட்டும்."

பெரியவளுக்கு வாயில் புளிப்பாக எச்சில் ஊறியது. அந்த அறையின் ஈரக் காகித வாசனையும், பேனா மூடியும், தம்பியின் பெயர்மேல் காய்ந்துகொண்டிருந்த எச்சிலும் சேர்ந்து வயிற்றைப் பிரட்டின. தாள்களைக் கொடுங்கள் என்றாள். அவர் தாராளமாகக் கொடுத்தார். "யோசிச்சு வாங்க. கணக்கு எழுதித் தேறுற முகமா தெரியல" என்றும் சொன்னார்.

அந்த வாக்கியத்துக்காகவே அவள் கணக்கு எழுதினாள் என்று சொல்லலாம். வேறு வழியும் இல்லை, கட்டுரை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அந்தப் பேனா மூடி கண்ணில் நின்றது. எழுதிக் கொண்டுபோனதைப் பற்றித் தம்பியிடம் வாய் திறக்கவில்லை. தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, "கணக்கு சொல்லிக் குடுடா" என்றாள்.

"உனக்கா? பள்ளிக்கூடத்துல உன் வீட்டுப்பாடத்த நான் போட்டுக் குடுத்து, அதைப் பாத்து எழுதியும் தப்பா எழுதினவ நீ."

"அதான் இப்ப பாக்காம எழுதப்போறேன்."

வேலை விட்டு வந்ததும் சமையலறைத் தரையில் இருவரும் உட்காருவார்கள். நடுங்கும் கையால் அவன் கோடு போட்டால் அது நெளிந்துதான் வரும். "கோட்டைப் பாக்காத, கணக்கைப் பாரு" என்பான். நிகழ்தகவு அவளுக்குத் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. ஒரு நாள் அவன் அம்மாவின் பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னான். சிவப்புப் பட்டன் வரும் வாய்ப்பு எவ்வளவு, எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால் எவ்வளவு. அன்றைக்கு அவளுக்கு மண்டையில் ஏதோ திறந்தது. அம்மாவுக்குப் பாதிப் பட்டன் காணாமல் போனது. முதல் தடவை தேர்வில் தவறி, அடுத்த தடவை நல்ல மார்க்கோடு தேறினாள். சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது: "பெரியவ டாக்டருக்குப் படிக்கிறா." பொய் சொல்லியே பழகிய வாய்.

கடை முதலாளி நல்ல மனுஷன். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் கடை என்று ஒத்துக்கொண்டார். வகுப்பில் எல்லாரும் அவளுக்குப் பாதி வயது. அக்கா என்றார்கள், கொஞ்ச நாள் போனதும் குறிப்பு நோட்டு கேட்டு வந்தார்கள். புள்ளியியல் பாடத்தைப் பார்த்து வகுப்பே அலறியது. உளவியல் என்றால் மனசு, கனவு, கண்ணீர் என்று நினைத்து வந்தவர்கள், முதல் வருஷமே சராசரி, விலக்கம், மூளை நரம்புப் படம் என்று வந்ததும் நொந்துபோனார்கள். பெரியவளுக்கு அதுதான் பிடித்தது. எண்ணில் எச்சில் ஒட்டாது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. முதல் வருஷ மாணவர்கள் மற்றவர்களின் ஆராய்ச்சிக்கு ஆளாகப் போய் உட்கார வேண்டும், அதற்குத் தனி மார்க். அவளுக்குக் கிடைத்தது அருவருப்பைப் பற்றிய ஆராய்ச்சி. இருட்டு அறையில் புழு, புண், சாக்கடை என்று படமாகக் காட்டி, எவ்வளவு குமட்டுகிறது என்று எண் போடச் சொன்னார்கள். பெரியவள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டாள். ஆராய்ச்சி செய்த பெண், "மனசு விட்டுப் போடுங்கக்கா" என்றாள். "மனசு விட்டுத்தான் போடுறேன். நீங்க காட்டுற படம் தப்பு" என்றாள் பெரியவள்.

அடுத்த நிபந்தனைதான் 'தன்னறிதல் வகுப்பு'. அதில் தேறாமல் இரண்டாம் வருஷம் போக முடியாது. துறைத் தலைவியே நடத்தினார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் டிஷ்யூ பெட்டி. பெரியவளுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே ஜெராக்ஸ் கடை மாடி வாசனை வந்தது. ஒவ்வொருவரும் தன் ஆழமான காயத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். சொன்னவர் அழுதால் துறைத் தலைவி கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டுவார், ருசி பார்க்கிறவர் மாதிரி. ஒரு பையன் பூனை செத்ததைச் சொன்னான், போதவில்லை. மறுவாரம் தாத்தாவைச் சொன்னான், பரவாயில்லை. ஒருத்தர் துக்கத்தை அடுத்தவர் துக்கம் தாண்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது.

பெரியவளின் முறை வந்தது. "சொல்ற மாதிரி எதுவும் இல்லை மேடம்" என்றாள். துறைத் தலைவி பரிவாகச் சிரித்தார். "மூடிக்கிட்டு இருக்கீங்க. திறக்கணும். காத்திருக்கோம்." டப்பா மூடியைச் சொல்கிற மாதிரி இருந்தது.

அதற்கடுத்த வாரம் குருவி பேசினாள். குரல் கீச்சென்று சின்னதாக இருப்பதால் வகுப்பில் வைத்த பெயர். பணக்கார வீட்டுப் பெண், வெகுளி, பெரியவளிடம்தான் புள்ளியியல் கற்றுக்கொள்வாள். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்" என்று ஆரம்பித்தாள். படிப்பில் கெட்டிக்காரன். திடீரென்று மாறிப்போனான். தான் நினைப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்றான்.

பெரியவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். இந்த நோயில் பலருக்கும் அப்படித் தோன்றும், பாடத்திலேயே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பிளக் ஓட்டையில எல்லாம் பிளாஸ்திரி ஒட்டுவான்" என்றாள் குருவி. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "ஒட்டறதுக்கு முன்னாடி சுவர்கிட்ட மன்னிப்பு கேப்பான். மூச்சு முட்டினா சொல்லுங்கன்னு."

வட்டத்தில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். துறைத் தலைவி கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார். பிறகு அண்ணன் மாடியிலிருந்து விழுந்தான். டிஷ்யூ பெட்டி கை மாறிக் கை மாறிப் பெரியவளிடம் வந்தது. அவள் அதை வாங்கி, அடுத்தவரிடம் தள்ளிவிட்டு, எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

வாயைக் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் பின்னால் குருவி நின்றிருந்தாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உனக்கு அண்ணன் இருந்தானா?"

குருவி கழிவறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மாடி ஆலோசகர்தானே எழுதிக் குடுத்தார்?"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" குரல் இன்னும் சின்னதாகியது. "எனக்கு அண்ணனே இல்லக்கா. ஒரே பொண்ணு. எங்க வீட்டுல எதுவுமே நடக்கல, அதனால சீட் கிடைக்காதுன்னு சொன்னார். அவரே கற்பனை பண்ணி எழுதினார்னு நெனச்சேன். நேர்காணல்ல சொன்னேன். இங்கயும் அதையேதானே சொல்லணும், மாத்த முடியாதே."

"அழுதியே?"

"அழுகை வருதுக்கா. சொல்லச் சொல்ல எனக்கே நிஜமாயிடுச்சு. கனவுல வர்றான்."

பெரியவள் குழாயைத் திறந்து மறுபடியும் வாயைக் கொப்பளித்தாள். "அது என் தம்பி" என்றாள்.

குருவி வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்டாள். "நிஜமாவே மாடியிலேர்ந்தா?"

"இல்ல. லேபிள் ஒட்டிக்கிட்டிருக்கான். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஷிஃப்ட்."

கடைக்குப் போகாமல் நேரே ஆலோசகரிடம் போனாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, சொன்ன பிறகு நினைவு வந்தது. பதறவில்லை. நீங்கள் டீ வாங்கப் போன நேரத்தில் போனில் படம் எடுத்து வைத்தேன், எல்லாருடையதையும் எடுத்து வைப்பதுதான் என்றார்.

"உங்க பேரைப் போட்டேனா? உங்க தம்பி பேரைப் போட்டேனா? அண்ணன்னு மாத்திட்டேன். நீங்க வேணாம்னு விட்டுட்டுப் போனது வீணாத்தானே கிடந்தது? நல்ல சரக்கும்மா அது. இன்னும் யாரும் அதைத் தாண்டி எழுதல."

பெரியவள் திட்டுவதற்கென்று வாயைத் திறந்தாள். எந்த வார்த்தையும் அந்த ஆளின்மேல் ஒட்டாது என்று தோன்றியது. இறங்கி வந்தாள். தெருவில் எச்சில் துப்பிப் பழக்கமில்லாதவள், விழுங்கவும் முடியாமல், ஜெராக்ஸ் கடை வாசலில் வாயைப் பொத்தியபடி நின்றாள்.

வீட்டில் தம்பியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் கிடங்கிலிருந்து வந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் சிரித்தான்.

"சரி, எப்படிச் செத்தேன்?"

"மாடியிலேர்ந்து."

"எனக்குத்தான் உயரம்னாலே தலை சுத்துமே. முதல் மாடி ஜன்னலையே எட்டிப் பாக்க மாட்டேன். விவரம் தெரியாத ஆளா இருக்கானே." ரொட்டியைக் கடித்தான். மென்றுகொண்டே இருந்தவன் மெல்ல நிறுத்தினான். "மன்னிப்பு கேட்டதையும் சொன்னாளா?"

"சொன்னா."

"அது அவளுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீ எழுதினியா?"

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாருடா. அப்புறம் வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நீ பாத்தியா அதை? அன்னிக்கு?"

"கதவுகிட்ட நின்னேன்."

அவன் டீயைத் தள்ளி வைத்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆஸ்பத்திரியில எவ்வளவோ கேட்டாங்க" என்றான். "அதை மட்டும் நான் யார்கிட்டயும் சொல்லல. அது எனக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தது. அவன் வித்தான், அவ வாங்கினா, அவங்களை எனக்குத் தெரியாது. முதல்ல எடுத்துக் கொண்டுபோய் வெச்சது நீதானேக்கா."

எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாராவது வராங்களா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து பெரியவளுக்கு அருவருப்பின் முகவரி மாறிவிட்டது. அதுவரை அது ஜெராக்ஸ் கடை மாடியில் குடியிருந்தது, வட்டத்து நடுவில் இருந்த பெட்டியில் இருந்தது. இப்போது கண்ணாடிக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான், எந்தக் கண்ணாடியிலும் அவள்தான். கதவிடுக்கில் நின்றவள், பார்த்ததை ஒரு சீட்டுக்காக எடுத்துக்கொண்டு போனவள். வாடிக்கையாளருக்கு பிரேம் காட்டும்போது தன் முகம் பக்கத்தில் தெரியாதபடி தள்ளி நின்றாள். தம்பி தேவைக்கு மட்டும் பேசினான்: சாப்பாடு இருக்கிறதா, சாவி எங்கே.

துறைத் தலைவியிடம் போய் ஆலோசகரைப் பற்றிச் சொன்னாள். குருவியின் பெயரை எடுக்கவில்லை. துறைத் தலைவி கொஞ்சமும் ஆச்சரியப்படாமல் கேட்டார்.

"தெரியும்மா. வர்ற கட்டுரைல பாதி அவரோடதுதான். நடை பாத்தாலே தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சுமா சேத்துக்கறீங்க?"

"வலி பொய் இல்லையே. எங்கயோ யாருக்கோ நடந்ததுதானே?" பிறகு மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுலயா நடந்தது? நீங்க வட்டத்துல சொல்லியிருக்கலாமே. எவ்வளவு நல்லா இருந்திருக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வர்ற வாரம் சொல்லுங்க, உங்க மார்க்கையும் பாத்துக்கலாம்."

அவர் கண்ணில் நிஜமான ஆர்வம். கெட்ட மனுஷி இல்லை. பசிக்கிற மனுஷி. பெரியவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். "என் தம்பி கதைய ஒருதரம் வித்தாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தன்னறிதலில் அவளுக்குத் தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே மார்க் வந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'ஒத்துழைப்பு போதாது.'

புதிதாகச் சேர வருகிறவர்களுக்காகக் கல்லூரியில் ஒரு அறிமுக நாள் நடத்துவார்கள். அதில் குருவி மேடையேறி அண்ணன் கதையைச் சொல்ல வேண்டும் என்று துறைத் தலைவி ஏற்பாடு செய்திருந்தார். மைக் முன்னால் போய் நின்ற குருவி, "எனக்கு அண்ணன் கிடையாது. நான் சொன்னது என்னோடது இல்ல" என்றாள். அவ்வளவுதான். சபையில் சலசலப்பு. துறைத் தலைவி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "பாருங்க, இழப்பு தாங்க முடியாதப்போ மனசு எப்படி மறுக்குதுன்னு." கைதட்டல் எழுந்தது. பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் நின்ற பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் ஓங்கரிப்பாக மாறியது.

குருவி அந்த வருஷத்தோடு வணிகவியலுக்கு மாறிக்கொண்டாள். போகும் முன் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். கண்ணாடி எதுவும் வாங்கவில்லை. "உங்க தம்பிகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்க்கா" என்றாள்.

"வேணாம். அவனை விட்டுடு. அவனுக்கு உன்னைத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்."

அதைச் சொன்னபோது பெரியவளுக்கு அந்தப் பெண்மேல் கோபமில்லை என்று தெரிந்தது. பொய் என்று எல்லார் முன்னாலும் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

தம்பி தானாகப் பேச ஆரம்பிக்க வெகுகாலம் ஆனது. இரண்டாம் வருஷம் அவள் ஒரு புள்ளியியல் கணக்கில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கடந்து போனவன் நின்று பார்த்தான். "ரெண்டாவது வரியில குறி மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். மன்னித்துவிட்டான் என்று அதற்கு அர்த்தமில்லை. தப்பான கணக்கைப் பார்த்துக்கொண்டு அவனால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

கடைசி வருஷம், தெரிந்த ஒருவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது பட்டத்துக்கான நிபந்தனை. வகுப்பில் அம்மாவை எழுதினார்கள், குடிகார மாமாவை எழுதினார்கள், பிரிந்துபோன காதலனை எழுதினார்கள். பெரியவள் தன்னைப் பற்றி எழுதினாள்: மூன்று வருஷத்தில் தனக்கு எப்போதெல்லாம் குமட்டியது, யாரைப் பார்த்து, எவ்வளவு நேரம். தம்பியைப் பற்றி ஒரு வரி கிடையாது. படித்துப் பார்த்த துறைத் தலைவி, "இதுல காரணம் சொல்லலையே, ஏதோ மறைக்கிறீங்க" என்றார். ஆமாம் என்றாள் பெரியவள். சுமாரான மார்க் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது.

இப்போது காலையில் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். நினைவாற்றல் சோதனை செய்து மார்க் போடுகிற வேலை. மதியத்துக்கு மேல் பழையபடி கண்ணாடிக் கடை. வராந்தாவில் நிற்கும் அக்காக்களும் அம்மாக்களும் அவளைக் கண்டதும் அருகில் வந்து, கேட்காமலே வீட்டில் நடந்ததையெல்லாம் கொட்ட ஆரம்பிப்பார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். "உள்ள இருக்கறவர்கிட்ட முதல்ல கேக்கறேன். அவருக்குச் சம்மதம்னா நீங்க சொல்லுங்க." திமிர் பிடித்தவள் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஆலோசகர் இன்னும் இருக்கிறார். இரண்டாவது மாடியையும் வாடகைக்கு எடுத்துவிட்டார். கல்லூரியில் கட்டுரையின் தலைப்பை மாற்றிவிட்டார்கள்: 'நான் மீண்டு வந்த கதை.' எனவே அவரிடம் இப்போது யாரும் சாவதில்லை. எல்லாரும் மீண்டு வருகிறார்கள்.

வீட்டில் பெரியவள் எதையாவது எழுத உட்கார்ந்தால், அது ஆஸ்பத்திரி அறிக்கையாக இருந்தாலும் சரி, மளிகைச் சாமானாக இருந்தாலும் சரி, தம்பி எங்கிருந்தாலும் வந்து நிற்பான்.

"என்ன எழுதற?"

அவள் தாளை அவன் பக்கம் திருப்புவாள். அவன் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பான். படித்துவிட்டு, "சரி" என்று திருப்பிக் கொடுப்பான்.